பிஎஸ்சி நர்சிங் ரிசர்ச் ப்ராஜெக்ட்டை உருப்படியாகச் செய்வது எப்படி

பிஎஸ்சி நர்சிங் கடைசி வருடம் வந்ததும் வகுப்பை ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கைடு மேடத்தைக் காட்டி, "அடுத்த வாரம் தலைப்போட வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். குழு நேராக லைப்ரரிக்குப் போகும். போன பேட்ச்சும் அதற்கு முந்தின பேட்ச்சும் பைண்டிங் செய்து வைத்த ரிப்போர்ட்டுகள் அங்கே அடுக்கி இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த தலைப்பு: இன்ன ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பள்ளியில், இன்ன நோயைப் பற்றிய அறிவில், கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயனைக் கண்டறியும் ஆய்வு. டெங்குவை எடுத்துவிட்டு ரத்தசோகையைப் போட்டால் அடுத்த ப்ராஜெக்ட் ரெடி. இந்தக் கற்பித்தல் திட்டத்தை எஸ்டிபி என்று மூன்றெழுத்தில் சொன்னாலே எல்லோருக்கும் புரியும் அளவுக்கு நம் கல்லூரிகளில் இது ஊறிப்போயிருக்கிறது.

அந்த வழியே போதும் என்பவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை, லைப்ரரியே போதும். வேறு மாதிரி செய்து பார்க்கலாமே என்று நினைப்பவர்களுக்கு இது.

எஸ்டிபியில் அப்படி என்ன தப்பு என்று கேட்பீர்கள். இருபத்தைந்து கேள்விகள் உள்ள தாளைத் திங்கட்கிழமை கொடுக்கிறோம், சார்ட்டும் ஃப்ளாஷ் கார்டும் வைத்துப் பாடம் எடுக்கிறோம், அடுத்த திங்கட்கிழமை அதே தாளைத் திரும்பக் கொடுக்கிறோம். மதிப்பெண் கூடிவிடுகிறது. கூடாமல் எப்படி இருக்கும்? விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டிருக்கிறோம், முன்னும் பின்னும் வந்த மதிப்பெண்ணை ஒப்பிடும் பேர்டு டி டெஸ்ட் போட்டால், தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் பி மதிப்பு 0.001-க்குக் கீழே வரத்தான் செய்யும். ஒப்பிட்டுப் பார்க்கப் பாடம் எடுக்காத ஒரு கன்ட்ரோல் குழு கிடையாது, முதல் தடவை தாளைப் பார்த்ததாலேயே கொஞ்சம் கூடியிருக்கலாம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, மூன்று மாதம் கழித்து அந்த அறிவு மிஞ்சியதா என்றும் யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தெரிந்திருப்பதும் செய்வதும் ஒன்றல்ல என்பது வார்டில் ஒரு மாதம் டியூட்டி பார்த்த எந்த மாணவிக்கும் தெரியும். கை கழுவும் படிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் வரிசையாகச் சொல்லும் ஆட்கள்தான், அடுத்த பெட்டுக்குப் போகும்போது கழுவாமல் போகிறார்கள். சிங்க் வார்டின் அந்தக் கோடியில் இருக்கும், சோப் தீர்ந்திருக்கும், நாற்பது நோயாளிக்கு இரண்டு சிஸ்டர் இருப்பார்கள். இதையெல்லாம் அறிவுத் தாள் காட்டாது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் வார்டில், உங்கள் கண்ணால் பார்த்து, கையால் எண்ணக்கூடிய ஒன்றைக் கேள்வியாக எடுங்கள்.

தலைப்பு எங்கே கிடைக்கும்

டியூட்டியில் கிடைக்கும். ஒரு வாரம் பாக்கெட் நோட்டில், "இது ஏன் இப்படி?" என்று தோன்றுவதை எல்லாம் குறித்து வாருங்கள். பக்கவாதத்தில் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டதாக சார்ட்டில் இருக்கிறது, காலை எட்டு மணிக்குப் பார்த்தபோதும் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோதும் அதே பக்கமாகத்தான் படுத்திருக்கிறார். சிசேரியன் முடிந்து வந்த அம்மாவுக்குக் குழந்தையை எப்போது முதல்முதலாகப் பால் கொடுக்க வைக்கிறார்கள்? ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, நடப்பது எத்தனை மணி நேரத்தில், தாமதம் தியேட்டரிலா, வார்டிலா, வீட்டுப் பெரியவர்களிடமா? ஓபியில் இன்சுலின் போடுபவர்கள் வயிற்றில் ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கட்டியாகியிருக்கிறதா, ஊசியை எத்தனை தடவை திரும்பப் பயன்படுத்துகிறார்கள்? இவை எல்லாமே நல்ல தலைப்புகள்.

சமூக நலப் போஸ்டிங்கில் இருந்தால் இன்னும் வசதி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்த மாத்திரையை முழுசாகச் சாப்பிடுகிறார்களா என்பது வேறு கேள்வி. போன தடவை கொடுத்த அட்டையில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது ஒரு ப்ராஜெக்ட். "ஒழுங்கா சாப்பிடுறீங்களா பாட்டி?" என்று கேட்டால் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் "ஆமாம்மா" என்றுதான் வரும்.

நாம் விளக்கேற்றும் விழாவில் நைட்டிங்கேல் பெயரில் உறுதிமொழி எடுக்கிறோம். அந்த அம்மா கிரிமியப் போரில் ராணுவ மருத்துவமனையில் எத்தனை பேர் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் தடுக்கக்கூடிய நோயால் செத்தார்கள் என்று பிரித்து எண்ணி, 1858-ல் வட்டமாகப் படம் போட்டுக் காட்டியவர். லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான். விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நோட்டை விட்டுவிட்டோம் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சரி அது இருக்கட்டும்.

எதை எடுத்தாலும் மூன்றைச் சரிபாருங்கள். அது உங்கள் போஸ்டிங் முடிவதற்குள் போதிய எண்ணிக்கையில் கிடைக்குமா? மெடிக்கல் வார்டில் மாதத்துக்கு மூன்று பேருக்கு வருவதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் கதை முடிந்தது. அதை அளக்க ஏற்கனவே ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இருக்கிறதா? படுக்கைப் புண் அபாயத்துக்கு பிரேடன் ஸ்கேல், தாய்ப்பால் கொடுப்பதைப் பார்க்க லாட்ச் ஸ்கோர் மாதிரி. மூன்றாவது, விடை எதுவாக வந்தாலும் யாருக்காவது பயன்படுமா?

புதிய பாடத்திட்டத்தில் ஏழாவது செமஸ்டரில் நர்சிங் ரிசர்ச், எட்டாவது முழுக்க இன்டர்ன்ஷிப். அதனால் ஏழாவது தொடங்கிய பிறகு தலைப்பு தேடினால் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவான எத்திக்ஸ் கமிட்டிக்கே செமஸ்டர் போய்விடும். ஆறாவது முடியும்போதே கைடிடம் பேசி வையுங்கள்.

ஒரு வென்ஃப்ளானை வைத்துப் பார்ப்போம்

பொதுவாகப் பேசினால் புரியாது, ஒரே ஒரு கேள்வியை எடுத்து முழுசாகப் போவோம். வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்றுவதற்காகக் கையில் போட்டு வைக்கும் ஊசிக்குழாய். வார்டில் போட்டிருக்கும் வென்ஃப்ளான்களில் எத்தனைக்கு, போட்ட தேதியும் நேரமும் பிளாஸ்டரில் எழுதியிருக்கிறது, எத்தனையில் நரம்பு, அதாவது ரத்தக் குழாய், வீங்கிச் சிவந்து போயிருக்கிறது? அவ்வளவுதான் கேள்வி. இதற்கு மருந்து இல்லை, புதுச் சிகிச்சை இல்லை, நோயாளிக்கு வலி இல்லை. பார்க்க வேண்டும், எழுத வேண்டும்.

அளவுகோல் இருக்கிறது. விஐபி ஸ்கோர் என்று நரம்பு அழற்சியைக் கண்ணால் பார்த்து 0 முதல் 5 வரை போடும் முறை. ஒன்றும் இல்லை என்றால் 0. லேசான வலியோ லேசான சிவப்போ ஏதாவது ஒன்று இருந்தால் 1. வலி, சிவப்பு, வீக்கம் இவற்றில் இரண்டு இருந்தால் 2, அதற்கே வென்ஃப்ளானை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும். அதற்கு மேல் நரம்பின் வழியே வலியும் தடிப்பும், நரம்பு கயிறு மாதிரி கைக்குத் தட்டுப்படுவது, காய்ச்சல் என்று 5 வரை போகும். இதில் ஒன்றைக் கவனியுங்கள், இந்த ஸ்கோர் வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்தது. நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் லேசான சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் மற்ற கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பது, "இங்க தொட்டா வலிக்குதா?" என்று கேட்பது, இதை எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் இதை ஒரு பத்தியாக எழுதினால் எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் இதை நீங்களே யோசித்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

படிவம் ஒரே பக்கம் இருக்கட்டும். நீங்களே கொடுக்கும் அடையாள எண், வார்டு, வயது, ஆணா பெண்ணா, வென்ஃப்ளான் எங்கே போட்டிருக்கிறது (புறங்கை, மணிக்கட்டு, முன்கை, முழங்கை மடிப்பு), நிறம் (பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24), பிளாஸ்டர் காய்ந்து ஒட்டியிருக்கிறதா, நனைந்து தூக்கிக்கொண்டிருக்கிறதா, தேதி இருக்கிறதா, நேரம் இருக்கிறதா, போட்டு எத்தனை மணி நேரம், என்ன மருந்து ஓடுகிறது, விஐபி ஸ்கோர். பெயர் வேண்டாம். உள்நோயாளி எண்ணான ஐபி நம்பரும் வேண்டாம். கேஸ் ஷீட்டை மொபைலில் போட்டோ எடுப்பது கூடவே கூடாது, "அப்புறம் பார்த்து எழுதிக்கலாம்" என்று ஆரம்பிப்பது எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் போய் முடியும்.

பிளாஸ்டரில் தேதி இல்லை என்றால் எத்தனை மணி நேரம் என்று எப்படி எழுதுவது? கேஸ் ஷீட்டில் நர்சஸ் நோட்ஸைப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். எத்தனை வென்ஃப்ளானுக்கு வயது தெரியவில்லை என்பதே உங்கள் ஆய்வின் முக்கியமான விடையாக இருக்கலாம். பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அடிக்கடி மாற்றத் தேவையில்லை என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் 2011 வழிகாட்டுதல். போட்ட நேரமே எழுதாத இடத்தில் இதைப் பின்பற்றுகிறோமா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு சிக்கல், நீங்கள் ஒரு வாரம் தொடர்ந்து போய் பிளாஸ்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் எல்லா பிளாஸ்டரிலும் தேதி இருக்கும். கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் மாறத்தான் செய்வார்கள். இதற்கு ஒரே நாள் கணக்கெடுப்பு நல்ல வழி: ஆறு பேர் மூன்று ஜோடியாகப் பிரிந்து, ஒரே மதியத்தில், அனுமதி வாங்கிய எல்லா வார்டையும் முடிப்பது. போதாவிட்டால் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு இன்னொரு நாள். ஜோடியாகப் போவதற்கும் காரணம் உண்டு. முதல் இருபது பேருக்கு இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் ஸ்கோர் போட்டு, எத்தனையில் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். கைடு கேட்டால், தற்செயலாக ஒத்துப்போனதைக் கழித்துக் காட்டும் காப்பா மதிப்பும் போடலாம். பெரிதாக ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் பயிற்சியில் குறை இருக்கலாம், உட்கார்ந்து பேசிச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்குங்கள்.

எத்தனை பேர் வேண்டும்

நம் கல்லூரிகளில் சாம்பிள் என்றாலே 60 என்று ஒரு சாமி எண் இருக்கிறது. ஏன் அறுபது என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டால் "மேடம் சொன்னாங்க" என்பதுதான் உண்மையான பதில். கணக்கு ஒன்றும் கடினம் இல்லை. ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிக்கும் ஆய்வு என்றால், 1.96-ன் வர்க்கத்தை எதிர்பார்க்கும் விகிதத்தாலும் அதன் மிச்சத்தாலும் பெருக்கி, நீங்கள் தாங்கக்கூடிய பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். விகிதம் எவ்வளவு என்று முன்னால் தெரியாவிட்டால் பாதி, அதாவது 0.5 என்று வையுங்கள். பத்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்றால் 96 வரும். ஐந்து சதவீதம்தான் தாங்குவேன் என்றால் 384. ஆறு மாணவிகளுக்கு 96 நியாயமான எண். அறுபதிலேயே நின்றால், அதில் பாதிப் பேருக்குத் தேதி இல்லை என்று கண்டுபிடித்தாலும் உண்மை 37 சதவீதத்திலிருந்து 63 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம். அதுவும் பரவாயில்லை, ஆனால் அதை ரிப்போர்ட்டில் சொல்ல வேண்டும்.

எண்ணுவது நோயாளியையா, வென்ஃப்ளானையா என்றும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒருவருக்கு இரண்டு கையிலும் இருக்கும். ஒரே ஆளை இரண்டு கணக்கெடுப்பு நாளிலும் பார்க்க நேர்ந்தால் அவர் இரண்டு பேர் ஆகிவிட மாட்டார். வார்டில் அன்று இருக்கும் எல்லோரையும் விடாமல் எடுப்பதுதான் சுத்தமான வழி. "பர்போசிவ் சாம்ப்ளிங்" (நோக்கத்தோடு தேர்ந்தெடுப்பது) என்று எழுதிவிட்டு, பேசச் சுலபமாக இருந்தவர்களை மட்டும் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அனுமதியும் எத்திக்ஸும்

இங்கேதான் நேரம் போகும், ஆனால் இங்கேதான் ஒழுங்காக இருக்க வேண்டும். மனிதர்களைத் தொடும் எந்த ஆய்வும், படிவம் நிரப்புவது உட்பட, எத்திக்ஸ் கமிட்டிக்குப் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலில் விலக்கு, துரித பரிசீலனை, முழுக் கமிட்டி பரிசீலனை என்று மூன்று வகை உண்டு. உங்கள் ஆய்வு விலக்குக்குள் வருகிறதா என்பதைக் கமிட்டிதான் சொல்ல வேண்டும், நீங்களோ கைடோ முடிவு செய்ய முடியாது. அதற்கப்புறம் மருத்துவமனை நிர்வாகத்தின் அனுமதி தனி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலகம். கடிதத்தை இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் சீல் வாங்கி வையுங்கள்.

கடிதம் மேலிருந்து வந்துவிட்டது என்று வார்டுக்குள் நேராகப் போய் நிற்காதீர்கள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் முதல் நாளே போய், "சிஸ்டர், நாங்க யார் போட்டாங்க, யார் எழுதலன்னு எல்லாம் எடுக்கல, வார்டு பேரும் ரிப்போர்ட்ல வராது, முடிஞ்சதும் உங்களுக்குத்தான் முதல்ல காட்டுவோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும். காலை ரவுண்ட்ஸ் நேரத்திலும் மருந்து கொடுக்கும் நேரத்திலும் போய் நின்றால் எந்த சிஸ்டருக்கும் கோபம்தான் வரும், பெரும்பாலான வார்டுகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பார்வையாளர்கள் வருவதற்கு முன்பு ஒரு அமைதியான நேரம் கிடைக்கும்.

நோயாளியிடம் சம்மதம் வாங்குவது பற்றி. யூனிஃபார்மில் போய் நின்றால், மறுத்தால் தன் சிகிச்சையில் ஏதாவது குறைத்துவிடுவார்களோ என்று அவர் பயப்படுவார். அதனால் "இது எங்க படிப்புக்கு, வேண்டாம்னா வேண்டாம், உங்க வைத்தியத்துல ஒரு மாற்றமும் இருக்காது" என்பதை வாயால் சொல்லுங்கள், தாளில் மட்டும் எழுதியிருந்தால் போதாது. சம்மதப் படிவம் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும், உங்கள் குழுத் தோழியே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. குழந்தைகள் வார்டு என்றால் பெற்றோர் சம்மதத்தோடு ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும், பன்னிரண்டுக்கு மேல் அது எழுத்தில். பிஎஸ்சி ப்ராஜெக்ட்டுக்குக் குழந்தைகள் வார்டைத் தவிர்த்தால் வேலை பாதியாகும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்கெடுத்துக்கொண்டே போகும்போது ஒருவருக்கு ஸ்கோர் 3 வருகிறது. கை தடித்து, தொட்டால் இழுத்துக்கொள்கிறார், ஆன்டிபயாடிக் அதே வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. படிவத்தில் 3 என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போகக் கூடாது. உடனே டியூட்டி சிஸ்டரிடம் சொல்லி வென்ஃப்ளானை எடுக்க வைக்க வேண்டும். டேட்டா கெட்டுப்போகுமே என்றால், கெடாது, நீங்கள் பார்த்த நேரத்தில் இருந்ததை ஏற்கனவே எழுதிவிட்டீர்கள். இப்படி வந்தால் என்ன செய்வோம் என்பதை எத்திக்ஸ் விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள், கமிட்டிக்குப் பிடிக்கும்.

பச்சிளம் ஜூனியர்களை சாம்பிளாக எடுக்கும் வழக்கமும் உண்டு. ஹாஸ்டலில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், சீனியர் அக்கா கேட்டால் மறுக்க மாட்டார்கள், அதனால்தான் எடுக்கக் கூடாது என்கிறேன்.

நோயாளிக்கு ஏதாவது செய்து பார்க்கும் ஆய்வு என்றால், டயாலிசிஸ் ஊசி போடும் முன் ஐஸ் வைப்பது மாதிரி எதுவானாலும், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் முடிந்தபின் பதிவு செய்ய அங்கே வழியில்லை. கட்டணம் இல்லை, ஆனால் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், பொறுமை வேண்டும்.

படிப்பது, அதாவது லிட்ரேச்சர் ரிவ்யூ

மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டில் இலவசமாகத் தேடலாம், முழுக் கட்டுரை வேண்டுமென்றால் இலவசக் கட்டுரைகள் என்ற வடிகட்டியைப் போடுங்கள். நம் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எம்எஸ்சி நர்சிங் ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுத் தளமான சோத்கங்காவில் பிஎச்டி ஆய்வேடுகள். படிக்க நல்லவை, கருவியை எப்படி உருவாக்கினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அப்படியே எடுத்து ஒட்டுவதற்கு அல்ல, திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இதே களஞ்சியங்களையும் துழாவும்.

சாட்ஜிபிடியிடம் "இதைப் பற்றிப் பத்து ஆய்வு கொடு" என்று கேட்டு வாங்கி ஒட்டியவர்கள் வைவாவில் மாட்டுவதைப் பார்க்கலாம். இல்லாத ஆய்வை இருப்பது போலவே, ஆசிரியர் பெயர், வருடம், பக்க எண்ணோடு அது தயாரித்துக் கொடுக்கும். எந்தக் கட்டுரையையும் பப்மெட்டில் நீங்களே திறந்து, குறைந்தபட்சம் சுருக்கத்தையாவது முழுசாகப் படிக்காமல் ரிப்போர்ட்டில் சேர்க்காதீர்கள். இருபது கட்டுரையை உண்மையிலேயே படித்தால் போதும், அறுபதை ஒட்ட வேண்டாம். மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் சொட்டெரோ மென்பொருள் இலவசம், முதல் நாளிலிருந்தே அதில் சேர்த்து வந்தால் கடைசி இரவில், மேற்கோளுக்கு எண் போடும் வான்கூவர் பாணியில் எண் மாற்றிக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

கணக்கு

கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் "ப்ராஜெக்ட், ஸ்டாட்ஸ் செய்து தரப்படும்" என்று போர்டு இருக்கும். காசைக் கொடுத்தால் வண்ண வண்ணமாக முப்பரிமாண பார் சார்ட்டும் பத்து டேபிளும் வரும். அதில் எது ஏன் வந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. வென்ஃப்ளான் மாதிரி ஆய்வுக்கு எக்செல்லே போதும். ஒரு வென்ஃப்ளானுக்கு ஒரு வரிசை, இருக்கிறது என்றால் 1, இல்லை என்றால் 0, தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். காலியான இடத்தில் 0 போட்டால் தெரியாததெல்லாம் இல்லாததாக மாறிவிடும். ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்கட்டும், அடித்து முடித்ததும் பத்துப் படிவத்தை உருவி எடுத்து ஒத்துப்பாருங்கள்.

சதவீதம், அதன் நம்பக இடைவெளி (உண்மை எண் எங்கிருந்து எங்கே வரை இருக்கலாம் என்பது), முன்பே முடிவு செய்த ஒரே ஒரு ஒப்பீடு, இவ்வளவுதான் தேவை. முழங்கை மடிப்பில் போட்டவற்றில் அழற்சி அதிகமா, முன்கையில் போட்டவற்றிலா என்பது மாதிரி ஒன்று. அதற்குக் கை ஸ்கொயர் (chi-square) என்ற புள்ளியியல் டெஸ்ட் போடுங்கள், எதிர்பார்க்கும் எண் ஏதாவது கட்டத்தில் 5-க்குக் கீழே வந்தால் ஃபிஷர் டெஸ்ட். ஓப்பன்எபி தளத்திலோ ஜமோவி மென்பொருளிலோ இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

நம் ரிப்போர்ட்டுகளில் கட்டாயமாக வரும் ஒரு அத்தியாயம் உண்டு: வயது, மதம், படிப்பு, வருமானம், குடும்ப வகை, உணவுப் பழக்கம் என்று எட்டுப் பத்து விவரங்களை மதிப்பெண்ணோடு கை ஸ்கொயர் போட்டு எதில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்து நட்சத்திரம் விழுகிறது என்று பார்ப்பது. ஒரு டெஸ்டுக்கு இருபதில் ஒரு தடவை சும்மாவே நட்சத்திரம் விழும். எட்டு டெஸ்ட் போட்டால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், ஏதாவது ஒன்றில் விழ மூன்றில் ஒரு வாய்ப்பு. அப்புறம் "சைவ உணவுக்கும் கை கழுவும் அறிவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்பட்டது" என்று எழுதி, அதற்கு விளக்கமும் கண்டுபிடிப்பார்கள். கைடு இந்த அத்தியாயம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் போடுங்கள், சண்டை போட வேண்டாம், ஆனால் எத்தனை டெஸ்ட் போட்டோம், இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

குழுவில் இருவர் மட்டும் வேலை செய்வது பற்றி ஒரு வார்த்தை. வேலையைப் பிரிக்கும்போது "நீ இன்ட்ரோ, நீ ரிவ்யூ" என்று அத்தியாயமாகப் பிரித்தால், டேட்டா எடுக்கப் போகாதவள் அதைப் பற்றி எதுவும் தெரியாமலே பாஸாகிவிடுவாள். டேட்டா எடுப்பதில் எல்லோரும் இருக்க வேண்டும், எழுதுவதை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். நைட் டியூட்டி அட்டவணையைப் பார்த்துவிட்டு நாள் குறிப்பது இன்னும் முக்கியம்.

எழுதி முடித்த பிறகு

ரிப்போர்ட்டில் டிஸ்கஷன்தான் உயிர், மற்றதெல்லாம் வார்ப்புருவில் வந்துவிடும். அங்கே "இந்த ஆய்வுக்கு இன்னார் ஆய்வு ஆதரவளிக்கிறது" என்று அடுக்காமல், உங்கள் எண் ஏன் அப்படி வந்தது என்று வார்டைத் தெரிந்தவர் மாதிரி எழுதுங்கள். பேனா இருக்கிறதா, மைக்ரோபோர் மேல் எழுத்து நிற்கிறதா, கேஷுவாலிட்டியில் அவசரத்தில் போட்டதை வார்டில் யார் பார்த்துத் தேதி எழுதுவது, ஷிஃப்ட் மாறும்போது கை மாற்றிக்கொள்ளும் பேச்சில் வென்ஃப்ளான் வருகிறதா. இதெல்லாம் எந்த புத்தகத்திலும் இல்லை, நீங்கள்தான் பார்த்தீர்கள்.

வெளியிட ஆசை இருந்தால் நல்லது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கமான டிஎன்ஏஐ 1910 முதல் நடத்தும் நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா இருக்கிறது, வேலூர் சிஎம்சி நர்சிங் கல்லூரியின் பத்திரிகை இருக்கிறது, மாணவர் செவிலியர் சங்க மாநாடுகளில் பேப்பர் வாசிக்கலாம். "மதிப்பிற்குரிய ஆய்வாளரே, உங்கள் கட்டுரை 48 மணி நேரத்தில் வெளியாகும், கட்டணம் மட்டும் இவ்வளவு" என்று வரும் மெயிலை அழித்துவிடுங்கள். சரிபார்க்க நிபுணர் யாரும் படிக்காத இடத்தில் காசு கொடுத்துப் போட்டால் உங்கள் பெயர்தான் கெடும்.

வைவாவில் எக்ஸாமினர் பெரும்பாலும் மூன்று கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்: ஏன் இந்த எண்ணிக்கை, ஏன் இந்த டெஸ்ட், என்ன குறை. முதல் இரண்டுக்கும் பதில் மேலே இருக்கிறது. குறை என்ன என்று கேட்டால் "நேரம் போதவில்லை" என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஒரே மருத்துவமனை, மதிய நேரத்தில் மட்டும் பார்த்தது, இரவில் போட்ட வென்ஃப்ளானை அப்போதே எடுத்திருந்தால் நம் கணக்கில் வந்திருக்காது, கருத்த தோலில் ஸ்கோர் குறைவாகவே விழுந்திருக்கலாம் என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி வராது, வந்தாலும் பயமில்லை.

அதற்கு முன்பே இன்சார்ஜ் சிஸ்டருக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருக்கிறது. எண்பது பக்க ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், அலமாரிக்குத்தான் போகும். ஒரே ஒரு தாளில், எத்தனை பார்த்தோம், எத்தனையில் தேதி இருந்தது, எத்தனையில் ஸ்கோர் 2 அல்லது அதற்கு மேல், என்ன செய்தால் சுலபமாக மாறும் என்று நாலு வரி தமிழில் எழுதி, யார் பெயரும் இல்லாமல், கூடவே ஒரு பர்மனென்ட் மார்க்கர் பேனாவையும் டிரஸ்ஸிங் டிராலியில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த பேட்ச் வந்து அதே வார்டில் மறுபடி எண்ணிப் பார்க்கலாம், அவர்களுக்குத் தலைப்பும் கிடைத்துவிடும்.